புகார் கொடுத்தவர்

அலமாரியில் அந்த நாவல் இல்லை.

அது இருந்த இடம் வெறுமையாகத் தெரியாதபடி யாரோ ஒரு பழைய அகராதியைச் செருகிவைத்திருந்தார்கள்.

அந்தக் கவனம்தான் அவளை முதலில் எரித்தது.

அவள் தமிழாசிரியை. பள்ளி நூலகம் அவள் பொறுப்பு. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தலைமையாசிரியர் தணிகாசலத்திடம் போய்க் கேட்டாள். ஒரு பெற்றோர் புகார் கொடுத்ததாகவும், அதனால் எடுத்துத் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாகவும் சொன்னார்.

யார் கொடுத்தது?

சொல்ல முடியாதாம்.

எந்தப் பக்கத்தில் என்ன தப்பு?

அதுவும் சொல்ல முடியாதாம்.

படித்துப் பார்த்து முடிவெடுத்தது யார்?

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“இத பெருசு பண்ணாதீங்க டீச்சர்.”

நாவலில் ஒரு பெண் வருவாள். ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் கல்யாணம் பேசிவிடுகிறார்கள். அவள் பக்கத்து வீட்டுக் கைப்பேசியை இரவல் வாங்கி அதிகாரிகளுக்குச் சொல்லிவிடுகிறாள். கல்யாணம் நின்றுபோகிறது.

கோடை விடுமுறையில் இந்த ஊரிலும் ஒரு கல்யாணம் நின்றது. பத்தாம் வகுப்பு அபிநயாவின் கல்யாணம். அவளேதான் போன் செய்தாள். விடுமுறைக்கு அந்த நாவலை எடுத்துப்போனவளும் அவள்தான்.

ஊருக்கு இரண்டும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். கழிப்பறைக்குத் தண்ணீர் வராததைப் பேசினார்கள். சத்துணவு முட்டையைப் பேசினார்கள். கடைசியில், பெற்றோர் விருப்பப்படி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் நீக்கப்பட்டிருப்பதாகத் தணிகாசலம் வேகமாக வாசித்துவிட்டு, டீ வந்திருக்கிறது என்றார்.

தமிழாசிரியை எழுந்தாள்.

“எந்தப் பெற்றோர் சார்?”

குரல் நடுங்கியது. பயம் என்று நினைத்துவிடுவார்களோ என்று இன்னும் சத்தமாக மறுபடி கேட்டாள்.

ஒரு புத்தகத்தை எடுப்பதென்றால் ஊரறியச் சொல்லி எடுங்கள் என்றாள். எந்த வரி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புகார் கொடுத்தவர் இங்கே வாசித்துக் காட்டட்டும். கேட்டுவிட்டு எல்லாருமாக முடிவு செய்வோம். பூட்டிய அறைக்குள் ஒருவர் சொல்லி இன்னொருவர் எடுத்து ஒளிப்பதற்குப் பெயர் திருட்டு.

திருட்டு என்ற சொல்லுக்குத் தணிகாசலம் முகம் சுளித்தார்.

யாரும் எழவில்லை.

ஆனால் தலைகள் ஒவ்வொன்றாகப் பின்வரிசைக்குத் திரும்பின. அங்கே மாதம்மாள் உட்கார்ந்திருந்தாள். அபிநயாவின் அம்மா. பாதி கட்டிய பந்தலைப் பிரித்தது அவள் வீட்டு வாசலில்தான். வேறு யாருக்கு வலித்திருக்கும்?

தமிழாசிரியையும் திரும்பிப் பார்த்தாள்.

மாதம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“எம் பொண்ணு கல்யாணந்தான் நின்னுது. தெருவுல தலை காட்ட முடியாம கெடந்தவ நானு. புகாரு குடுக்கறதுன்னா நாந்தான் குடுத்திருக்கணும்.”

திரும்பியிருந்த முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“நான் குடுக்கல.”

பிறகு முன்வரிசையைப் பார்த்தாள்.

அங்கே ஒற்றை மெத்தை நாற்காலியில் சென்றாயன் இருந்தார். அரிசி ஆலை முதலாளி. பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டிக்கொடுத்தவர். நின்றுபோன கல்யாணத்தில் மாப்பிள்ளை, அவருடைய மூத்த மகன்.

அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை அணைந்திருந்தது.

கூட்டம் முடிந்தது, எல்லாரும் டீ சாப்பிடலாம் என்றார் தணிகாசலம்.

யாரும் நகரவில்லை.

மாதம்மாள் இன்னும் உட்காரவில்லை.

“அந்த புக்கு எனக்கு வேணுங்க டீச்சர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நாளாவும். எம் பேருல எழுதிக்கோங்க. மாதம்மா, அபிநயாவோட அம்மான்னு, எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதுங்க.”

பெற்றோருக்குப் புத்தகம் கொடுக்கும் வழக்கமில்லை என்று தணிகாசலம் ஆரம்பித்தார்.

தமிழாசிரியை அவர் மேசையருகே போய் நின்றாள். கோபத்தில் காது இரண்டும் கொதித்தன. குரல் மட்டும் இப்போது நடுங்கவில்லை.

“பீரோ சாவி சார்.”

அவர் சட்டைப்பையைத் தடவினார். பிறகு பேண்ட் பையை. பிறகு மறுபடியும் சட்டைப்பையை.

சாவிக்கொத்து அவர் முன்னால் மேசைமேலேயே இருந்தது.

மொத்தக் கூட்டமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.