ஓசிப் பூ

"அப்பா, அந்த ஆளு மறுபடியும் வந்துட்டான்" என்றான் பிகேஷ்.

ஜப்பானின் நகோயா நகரில் 'மகாராஜா இந்திய உணவக'த்தின் இரண்டாவது கடை அன்று காலைதான் திறந்திருந்தது. வாசலில் ஆளுயரத்துக்குப் பூ அலங்காரம். திறப்பு நாளில் வழியில் போகிறவர்கள் அந்தப் பூவைப் பிடுங்கிக்கொண்டு போவது இந்த ஊர் வழக்கம். சீக்கிரம் மொட்டையானால் கடை ஓடும். மதியம்வரை பூ அப்படியே நின்றால், கடையை ஊர் கைகழுவிவிட்டது என்று அர்த்தம்.

இன்று ஊர் பூவைப் பார்த்தது, நடையைக் கட்டியது. கை வைத்தவர் ஒரே ஒருவர்தான். பழைய கடைக்கு எதிரே நூடுல்ஸ் கடை வைத்திருந்து, போன வருஷம் மூடிவிட்ட ஹத்தோரி.

"முதல்ல தொப்பி போட்டுட்டு வந்தான். அப்புறம் குடை. இப்ப முகமூடி. நமக்கு அடையாளம் தெரியாதாம்."

"ஓசின்னா விடமாட்டான்டா அந்தக் கிழவன்" என்றார் தில் பகதூர். "சீரக நாத்தம்னு நம்ம மேல நகராட்சிக்கு மனு போட்டவன்தானே."

திறப்புக்கு வந்திருந்த விருந்தினர்கள் பக்கம் திரும்பினார். சுவரில் சட்டம் போட்ட குடும்ப வரலாறு, 'அரண்மனைச் சமையல் பரம்பரை' என்று ஆரம்பித்தது. தில் பகதூர் நேபாளத்துக்காரர். இந்தியாவில் அவர் பார்த்த ஒரே அரண்மனை டெல்லி விமான நிலையம். துண்டு அகலத்துக்கு நான்-ரொட்டி சுடக் கற்றுக்கொண்டதும் இதே நகோயாவில்தான். வரலாற்றில் அதற்கெல்லாம் இடம் போதவில்லை.

"எங்க முதல் கடை திறந்தன்னிக்கு, டீ ஆறுறதுக்குள்ள பூ மொத்தமும் காலி. ஜனம் அடிச்சிக்கிட்டு அள்ளிச்சு. நம்ம ராசி அப்படி."

சொல்லும்போதே கண் வாசலுக்குப் போய்வந்தது. வீட்டை அடகு வைத்துத் திறந்த கடை.

பிகேஷுக்குப் பொறுக்கவில்லை. அப்பா கட்டிவிட்ட மகாராஜா தலைப்பாகையோடு பின்வாசல் வழியாக ஓடினான்.

சந்துமுனையில் ஹத்தோரியின் மனைவி, பக்கெட் நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹத்தோரி மூச்சு வாங்கியபடி சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"வெக்கமா இல்ல? இதை எங்க கொண்டுபோய் விக்கப்போறீங்க?"

"விக்கிறதா?" என்றார் அந்த அம்மாள். "உங்க பழைய கடை திறந்தன்னிக்கும் ஒருத்தரும் தொடலை தம்பி. வெளிநாட்டுக்காரங்க கடைன்னு தயக்கம். இவர்தான் எங்க கடை ஆளுங்களை உடுப்பு மாத்தி மாத்தி அனுப்பினார். ஒருத்தர் கை வச்சாத்தானே மத்தவங்க வருவாங்க? இப்ப கடையும் இல்ல, ஆளுங்களும் இல்ல. இவர் ஒத்தையா ஓடிக்கிட்டிருக்கார்."

பிகேஷ் விழித்தான். "அப்போ அந்த மனு?"

"அதையும் நான்தான் போட்டேன்" என்றார் ஹத்தோரி. "அந்த வாசனைக்கு எனக்கு இன்னமும் தலைவலி வரும். அதுக்காக ஒரு குடும்பம் நடுத்தெருவுல நிக்கணுமா?" பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அப்பாகிட்ட சொல்லிடாதே. அந்த ராசிக் கதையை அவர் சொல்ற அழகே தனி."

பிகேஷுக்கு அவமானத்தில் காது சுட்டது. தலைப்பாகையைக் கழற்றி பக்கெட் பக்கத்தில் வைத்தான்.

"அந்தத் தொப்பியையும் முகமூடியையும் இப்படிக் குடுங்க. அடுத்த நடை நான் போறேன்."