மேலாளர் உள்ளேதான் இருக்கிறார்

“யாரையாவது பாக்கணுமா சார்?” என்று வரவேற்பறைப் பெண் கேட்டபோது, பெட்டிக்காரர் தரையில் பாயை விரித்துத் தலையணையையும் போட்டு முடித்திருந்தார்.

“கணக்கு மேலாளரப் பாக்கணும். பணம் கைக்கு வர்ற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்.” வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வசனம். அந்தப் பளபளத் தரைக்கு முன்னால் குரல் கொஞ்சம் வழுக்கியது.

அவள் பதறவில்லை. மேஜைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “அங்க ஏசி நேரா மண்டையில அடிக்கும். கழுத்து பிடிச்சுக்கும். கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோங்க.”

பெட்டிக்காரர் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். சண்டைக்கு வந்த இடத்தில் இப்படி அக்கறை காட்டினால் மனுஷன் என்னதான் செய்வான்?

அட்டைப்பெட்டி செய்து தரும் சின்னப் பட்டறை அவருடையது. இந்தப் பெரிய கம்பெனிக்கு மூன்று தவணையாக மூவாயிரம் பெட்டி அனுப்பி ஒன்பது மாதம் ஆகிறது. கிடங்கில் சரக்கை இறக்கியதோடு சரி; தலைமை அலுவலகத்துக்குள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. போனில் கேட்டால் ஒரு வாரம் சிஸ்டம் டவுன், ஒரு வாரம் ஆடிட், ஒரு வாரம் கையெழுத்துப் போடுகிறவருக்குக் கையில் மாவுக்கட்டு.

இனி பொறுக்க வழியில்லை. நாளை சாயங்காலத்துக்குள் கடனைக் கட்டாவிட்டால் பெட்டி வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். காலையில் மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: “பணத்தோட வாங்க. இல்லேன்னா அங்கேயே குடித்தனம் பண்ணுங்க.” தலையணைக்கு உறை மாற்றிக் கொடுத்ததும் அவள்தான்.

பணமில்லாத இடமாகவும் தெரியவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். போன்கள் விடாமல் அடித்தன. வாசல் காவலாளி வருகிறவர், போகிறவர் எல்லோருக்கும் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

“உள்ள வரச் சொல்றாரு சார்,” என்றாள் அந்தப் பெண்.

பெட்டிக்காரரால் நம்ப முடியவில்லை. பாயில் இன்னும் சூடுகூட ஏறவில்லையே!

மேலாளர் டை கட்டியிருந்தார். பில்லை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார். நெற்றி சுருங்கியது. “ஒன்பது மாசமா? அநியாயம் சார் இது!”

“நானும் அதத்தான் சொல்ல வந்தேன்...”

“நான் உங்களச் சொல்றேன். மொத பில்லு நின்னப்பவே சரக்க ஏன் நிறுத்தல? பாதி முன்பணம் வாங்குனீங்களா? ஆர்டராவது எழுத்துல இருக்கா?”

“பெரிய கம்பெனியாச்சே, எங்க போயிடப் போறாங்கன்னு...”

“எல்லாரும் சறுக்குற இடம் இதுதான்!” மேலாளர் மேஜையில் ஓங்கித் தட்டினார். “கெடு முடிஞ்ச மறுநாளே கடுதாசி போயிருக்கணும். பதினஞ்சு நாள் பாத்துட்டு வக்கீல் நோட்டீஸ். போன்ல பேசுறதெல்லாம் காத்தோட போயிடும் சார், காகிதம்தான் நிக்கும். ஆமா, தாமதத்துக்கு வட்டி எங்க? போடவே இல்ல. வட்டியச் சேத்து இப்பவே புது பில்லு எழுதுங்க.”

தன் பேனாவையே எடுத்து நீட்டினார். பெட்டிக்காரர் எழுத எழுத, அவர் கூட்டலைச் சரிபார்த்தார். இரண்டு இடத்தில் தொகை குறைந்திருப்பதைக் கண்டுபிடித்து ஏற்றிவிட்டார். வண்டிக்கூலியைச் சேர்க்காமல் விட்டதற்குத் தனியாக ஒரு திட்டு.

பெட்டிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பாக்கி வைத்தவனே அதை வசூலிக்கச் சொல்லிக்கொடுப்பதை அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை. இப்படிப்பட்ட மனுஷரையா பாயும் தலையணையுமாக மிரட்ட வந்தோம்?

“இப்பச் சரியா இருக்கு,” என்றார் மேலாளர். “ஒத்த பைசா விட்டுக் குடுக்காதீங்க.”

“உங்களுக்குக் கோடிப் புண்ணியம் சார். செக்க என் பேர்லயே போட்டுடுங்க.”

மேலாளரின் முகம் விழுந்துவிட்டது. பேனாவை வாங்கி மூடினார். டையைத் தளர்த்திக்கொண்டார்.

“செக்கு என் கையில இல்லீங்களே. நான் இந்த ஆபீசுக்குப் பெயிண்ட் அடிச்சவன். பாக்கி கேட்டு வந்தேன். பதினாலு மாசம் நிக்குது.”

பெட்டிக்காரர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. வெளியே ஓடினார். “ஏம்மா! மேலாளர் சீட்டுல எவனோ பெயிண்டர் உக்காந்திருக்காம்மா! கூப்பிடு முதலாளிய!”

பத்துத் தலைகளும் நிமிர்ந்தன. போனில் யாரிடமோ “அடுத்த செவ்வாய் கட்டாயம் குடுத்துடுவோம் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்த வரவேற்பறைப் பெண், ரிசீவரைக் கையால் பொத்தினாள்.

“கத்தாதீங்கண்ணே. முதலாளி ராவோட ராவா காலி பண்ணிட்டுப் போயி அஞ்சு மாசமாச்சு. கதவு தொறந்திருந்தா என்னிக்காவது எட்டிப் பாப்பாருன்னு, பாக்கிக்கு வந்தவங்க நாங்களே ஆளுக்கொரு சீட்டுல உக்காந்து நடத்திக்கிட்டிருக்கோம்.”

பெட்டிக்காரர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அப்ப... வாசல்ல காவலாளி?”

“வாடகை பாக்கிக்கு வந்த கட்டட ஓனரு. பர்சேஸ் சீட்டு காலியா இருக்கு, போய் உக்காருங்கண்ணே.”