வழியனுப்பு நீச்சல்

சதுரங்கப்பட்டினத்துக் கடலில் ஞாயிறுதோறும் நீந்தும் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாற்றலாகிப் போகிறவரை நடுவில் விட்டு, நங்கூரமிட்ட படகுவரை எல்லோரும் நீந்துவார்கள். இந்த வாரம், பாம்பேக்குப் போகும் பார்த்தசாரதியின் முறை.

"காய்ச்சல் அடிக்குதுப்பா. நான் வரல."

தமிழ்வாணன் அவர் நெற்றியைத் தொட்டான். "ஜில்லுனு கீது. வாங்க சார்!"

பார்த்தசாரதி தலைகுனிந்தார். "எனக்கு நீச்சலே தெரியாது. உங்களோட இருக்கணும்னுதான் எட்டு வருஷமா இடுப்பளவுத் தண்ணியில நின்னுட்டிருந்தேன்."

"தெரியும் சார்," என்று சிரித்தாள் ரோகிணி. "வாராவாரம் எங்கள்ல ஒருத்தர் கால் வலிக்குதுன்னு உங்க பக்கத்துலயே நின்னாங்களே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

அன்று யாரும் நீந்தவில்லை. குழுவின் மற்ற பத்துப் பேரும் அவரைச் சுற்றிக் கைகோத்து நின்று, வருகிற அலைக்கெல்லாம் குதித்தார்கள்.