குறைந்த மணி

"மாலையில ஒரு மணியைக் காணோமே!" என்று அலறினார், அருங்காட்சியகத்துக்கு அன்று காலைதான் பொறுப்பேற்ற இயக்குநர். கற்காலக் குழந்தை ஒன்றின் புதைகுழியில், கழுத்தெலும்பை ஒட்டிக் கிடைத்த சிப்பி மாலை அது.

அகழாய்வாளர் தலை குனிந்தார். "என் பொண்ணு விளையாட்டா எடுத்துத் தன் பாசிமாலையில கோத்துக்கிட்டா சார். அவ போட்டோவுல நேத்துதான் கவனிச்சேன்."

"நல்ல பொண்ணு போங்க! அழுதா ஒரு மிட்டாயைக் கொடுத்துட்டுக் கழட்டிட்டு வாங்க."

அவர் நகராமல், மாலையில் மணி விட்டுப்போன இடத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், எத்தனையோ ஆயிரம் வருஷத்து மண்ணைத் தோண்டின ஆளு நீங்க. ஒரு சின்னப் பொண்ணுகிட்டேருந்து வாங்க முடியாதா?"

"அதையும் தோண்டித்தான் எடுக்கணும் சார்," என்றார். "கழட்ட வேணாம்னு அவ அம்மா அழுதா. போன மாசம் மாலையோடதான் புதைச்சோம்."