துணைகளுக்கு மட்டும்

லிஃப்ட் மெக்கானிக் மூன்றாவது வாரமும் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார். விவாகரத்துக்கு ஆதாரம் சேர்க்கிறார் என்று டீச்சர் முடிவே கட்டிவிட்டார்.

நூலகத்தின் பின்னறையில் வட்டமாக ஏழு நாற்காலிகள். பார்டர்லைன் என்கிற மனக்கோளாறு உள்ளவர்களின் கணவன், மனைவிமார் வாரம் ஒருமுறை கூடி, மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டுப் போகிற இடம். நடத்துகிற டீச்சரின் வீட்டுக்காரருக்கும் பன்னிரண்டு வருஷமாக அதே கோளாறுதான்.

"கடைக்குப் போயிட்டுப் பத்து நிமிஷம் லேட்டா வந்தேன்," என்றார் தையல்காரம்மா. "விட்டுட்டு ஓடிட்டேன்னு நெனச்சு வீட்டையே ரெண்டாக்கிட்டார். அரை மணி கழிச்சு, உன்ன மாதிரி ஒருத்தி உலகத்துலயே இல்லைங்கறார். நான் சாமியா பிசாசான்னு எனக்கே தெரியல."

"எத்தனை மணிக்கு வருவேன்னு சொல்லிட்டுப் போனியாம்மா?"

"இல்ல டீச்சர்."

"அதைச் சொல்லணும். சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கணும்."

மெக்கானிக் எழுதிக்கொண்டார். பிறகு தலையைத் தூக்கி, "அவர் கத்தினப்ப உங்களுக்கு உள்ளுக்குள்ள எப்படிங்க இருந்துச்சு?" என்றார்.

வந்த நாளிலிருந்து எல்லோரிடமும் இதே கேள்விதான். தன் மனைவியைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை.

"எப்படி இருக்கும்? மரத்துப் போச்சு. எல்லாத்துக்கும் சரி சரின்னுட்டேன்."

"எங்க வீட்லயும் ஒரு மாசமா எல்லாத்துக்கும் சரி சரிதான்," என்றார் மெக்கானிக். "திட்டினாக்கூடத் தேவலை. போயிடுவாளோன்னு பயமா இருக்கு."

"போகமாட்டாங்க," என்றார் பேக்கரிக்காரர். "எங்க வீட்டுக்காரியும் இப்படித்தான் கம்முனு இருப்பா. அப்புறம் தட்டு பறக்கும். நான் இப்பல்லாம் பிளாஸ்டிக்தான் வாங்கறேன்."

மெக்கானிக் சிரிக்கவில்லை. "டீச்சர், நீங்க உங்க வீட்டுக்காரரை விட்டுட்டுப் போயிடலாம்னு நெனச்சதுண்டா?"

யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"உண்டு. பெட்டியோட வாசல் வரைக்கும் வந்துட்டேன்."

"அப்புறம் எது நிறுத்துச்சு?" பேனா தயாராக நின்றது.

டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. "முதல்ல நோட்டை மூடுங்க. யாருக்குய்யா இதெல்லாம்? வக்கீலுக்கா?"

"ஐயோ, இல்லைங்க."

"பின்ன? கட்டினவகிட்ட கேக்க வேண்டியதை ஊர்ல இருக்கறவங்ககிட்ட எல்லாம் கேட்டுக்கிட்டு."

"கேட்டேங்க. ஒண்ணுமில்லைங்கறா. உள்ளதைச் சொன்னா நான் தாங்கமாட்டேன்னு அவளுக்குப் பயம்."

"ஏன், உங்களுக்கு என்ன வந்துச்சு?"

மெக்கானிக் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"கோளாறு எனக்குத்தான் டீச்சர்."