அறுபது கிலோவுக்கு ஒரு தரை

"இல்ல அண்ணி, இன்னும் குறட்டை வரல. கொஞ்சம் பொறுங்க."

"வந்ததும் சொல்லு. எனக்குக் கை வேற வேர்த்துக் கொட்டுது."

மாடி அறையில் இருந்த மருமகள் போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தாள். கீழே மாமனாரின் அறைக்கு வெளியே, கதவில் ஒரு காதும் போனில் ஒரு காதுமாக நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

மாமா ரொட்டி சுடுகிற இடத்தில் இரவெல்லாம் மாவு பிசைகிறவர். பகல்தான் அவருக்கு ராத்திரி.

மருமகள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவில் கிடைக்கிற அந்தப் பகலை விட்டால், பளு தூக்க அவளுக்கு வேறு நேரமில்லை; சாயங்காலம் வந்தால் வீட்டு வேலை பிடித்துக்கொள்ளும்.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் மாமா தீர்ப்பு சொல்லிவிட்டார். இன்னொரு தடவை தன் தூக்கம் கலைந்தால், மாடியில் இருக்கிற இரும்பு மொத்தமும் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

தேர்வுப் போட்டிக்கு இன்னும் பத்தே நாள். அறுபது கிலோ தூக்கினால்தான் உள்ளேயே விடுவார்கள். அவள் இதுவரை ஒரு முறைகூட அறுபதைத் தூக்கியதில்லை.

அன்றிலிருந்து பயிற்சிக்கென்று அவள் இரும்பைத் தொடவில்லை. சத்தம் வராத ஒரு தரையைத்தான் தேடினாள்.

விரிப்புக் கடைக்காரர் நுரைப் பாயைக் கையில் அமுக்கிக் காட்டினார். "பஞ்சு மேடம், பஞ்சு! யானை விழுந்தாக்கூட கீழ இருக்கிற எறும்புக்குக் கேக்காது."

மாமா வேலைக்குக் கிளம்பிப் போன ஒரு சாயங்காலம், சமையலுக்கு நடுவே, நாத்தனாரை அவர் கட்டிலில் படுக்கவைத்து அதைச் சோதித்தாள். பாதம் புதைந்து கணுக்கால் ஆடியது. யானை எதற்கு, இருபது கிலோ இரும்பு வட்டுக்கே வீடு அதிர்ந்தது.

மறுநாள் ரப்பர் விரிப்பு. கால் உறுதியாக நின்றது. ஆனால் கீழே கண்ணாடி அலமாரி கிடுகிடுத்தது.

கடைக்காரர் சொன்னதில் பாதிதான் சரி என்று மூன்றாம் நாள் பேருந்தைத் திருப்பும்போது அவளுக்கு உறைத்தது. நுரை வேண்டும். ஆனால் காலுக்கு அடியில் இல்லை, எல்லாவற்றுக்கும் அடியில்.

நுரையை விரித்து, அதன் மேல் கெட்டிப் பலகை அடித்தாள். இரும்பு விழுகிற இரண்டு பக்கமும் நாலு விரல் கனத்துக்கு ரப்பர் கட்டைகள். நடுவில், தான் நிற்கிற இடத்தில், வெறும் பலகை. ஏறிக் குதித்துப் பார்த்தாள். பாறை மாதிரி இருந்தது.

"அண்ணி! வந்துடுச்சு. லாரி மேட்டுல ஏறுற மாதிரி குறட்டை."

சோதனைக்கு நாற்பது போதும். கை என்னவோ கம்பியில் அறுபதை மாட்டியது.

குனிந்தாள். தூக்கினாள். நெஞ்சுக்கு வந்தது. ஒரு மூச்சு.

கால்களுக்குக் கீழே பலகை இம்மியும் அசையவில்லை. கம்பி தலைக்கு மேலே போனது, முழங்கைகள் பூட்டிக்கொண்டன. ஒன்று. இரண்டு. அறுபது கிலோ அங்கேயே நின்றது.

கையை விட்டாள்.

தலையணையில் தலை விழுகிற அளவுக்குத்தான் சத்தம்.

"கேட்டுச்சா?"

"என்ன கேட்டுச்சா? முதல்ல போடுங்க அண்ணி, எவ்வளவு நேரம்!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். அறையைச் சுற்றி வந்தாள். சுவரைக் கட்டிக்கொண்டாள். உலகத்தையே தூக்கி இறக்கியிருக்கிறாள், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாமல்.

"அண்ணி..." நாத்தனாரின் குரல் இறங்கியது. "குறட்டை நின்னுடுச்சு. அப்பா வெளிய வர்றார். மேல வர்றார்!"

மாமா வாசலில் மூச்சு வாங்க நின்றார். கண் சிவந்திருந்தது. பார்வை நேராகக் கம்பியின் வட்டுகளுக்குப் போனது.

"அறுபதா?"

"ஆமா மாமா."

"தூக்கிட்டியா?"

"தூக்கிட்டேன்."

"எனக்குக் கேக்கவே இல்லையேம்மா."

பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ரொட்டி உறை ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள், நடுநடுவே வட்டங்கள்.

"உன்கிட்ட சண்ட போடத்தான் எண்ண ஆரம்பிச்சேன். ஒரே சத்தமா விழுந்தா தூக்கிட்ட, ஒரு கோடு. தடுமாறி ரெண்டு சத்தமா விழுந்தா, வட்டம். அப்புறம் கடைசி சத்தம் வந்தாத்தான் தூக்கமே வரும்னு ஆயிடுச்சு. போன வாரம் வாயக் குடுத்தேன் பாரு, அன்னைலேர்ந்து சத்தமும் இல்ல, தூக்கமும் இல்ல."

"அப்போ குறட்டை?"

"கீழ அவ கதவுலயே காத வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா வேற என்ன பண்றது? நான் தூங்கினாத்தான நீ தூக்குவ, சத்தம் வரவே இல்லன்னுதான் ஏறி வந்தேன்."

உறையின் கடைசி வரிசை முழுக்க வட்டம். அது அறுபதுக்கு என்று அவள் கேட்காமலே புரிந்துகொண்டாள்.

மாமா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். உறையைத் தொடையில் வைத்து நீவி, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவம்மா. அந்த ரப்பரையெல்லாம் எடுத்துட்டு, வெறுந்தரையில போடுறியா?"