கப்பலில் அச்சடித்த தாள்

ராஜபாளையத்திலிருந்து நான்காவது முறையாக பஸ் ஏறி வந்திருந்தார் சலேத் மேரி. ஜெயபாண்டியின் பழம்பொருள் கடை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடி, எப்போதோ நின்றுபோன ஒரு பயணிகள் கப்பலின் சாமான்களைத்தான் அந்த அம்மாள் கேட்பார். பெரிய சேகரிப்பாளராக இருக்க வேண்டும் என்று ஜெயபாண்டி கணக்குப் போட்டிருந்தான். ஆனால், இதுவரை ஒரு கரண்டிகூட வாங்கியதில்லை.

“நங்கூரப் படம் போட்ட பீங்கான் தட்டு வந்திருக்கும்மா.”

“தட்டு வேண்டாம்யா. தாளு எதுவும் வந்திருக்கா?”

ஒரு கட்டுத் தாள்களை எடுத்து வைத்தான். பயணிகளுக்காகக் கப்பலிலேயே தினமும் அச்சடித்துக் கொடுத்த செய்தித்தாள்கள். சலேத் மேரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தேதி பார்த்தார். ஒரு தாளில் விரல் நின்றுவிட்டது.

“இது எம்புட்டுய்யா?”

முதன்முறையாக விலை கேட்கிறார்.

“அதுல அப்படி என்னம்மா இருக்கு? நீங்க அந்தக் கப்பல்ல போயிருக்கீகளா?”

“ஒரே ஒரு தடவை வந்திருக்கேன். இப்ப பினாங்குல எம்மகளுக்குப் பிள்ளை பொறந்திருக்கு. பார்க்கப் போகலாம்னா, பாஸ்போர்ட்டுக்குப் பொறந்த எடத்துக்கு அத்தாட்சி கேக்காக. எங்கம்மா சொன்னதை அறுபது வருசமா ஒருத்தரும் நம்பலை.”

தாளை அவன் பக்கம் திருப்பினார்.

‘நேற்று விடியற்காலை, கீழ்த்தளப் பயணி ஞானம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.’

“பினாங்குல எங்கம்மா ஒத்தையாத்தான் ஏறுனாக. நாகப்பட்டினத்துல ரெண்டு பேரா எறங்குனோம்.”